அத்தியாயமும் காட்சியும்: கல்கியின் மாமல்லபுரமும் திரையும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் கொண்டது. முதல் பாகம் முடியும் இடம் தஞ்சையும் அன்று, பழையாறையும் அன்று, மாமல்லபுரம். ‘புது வெள்ளம்’ என்ற அப்பாகத்தின் 51ஆம் அத்தியாயத்துக்கு இந்த ஊரின் பெயரே தலைப்பு. அங்கே தொடங்கும் உரையாடல் 57ஆம் அத்தியாயமான ‘மாய மோகினி’யில், பாகத்தோடு சேர்ந்து முடிகிறது. இடைப்பட்ட பக்கங்களில் வாள்வீச்சு இல்லை, குதிரைப் பாய்ச்சல் இல்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனும் பல்லவ குலத்துப் பார்த்திபேந்திரனும் திருக்கோவலூர் மலையமானும் பாறையில் செதுக்கிய கோயில்களின் அருகே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ராஜாங்கத்தில் தொடங்கும் பேச்சு நந்தினி என்ற ஒரு பெண்ணிடம் போய் நிற்கிறது. தொடர்கதையாக வந்த பெருநாவல் ஒன்று திரைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று பார்க்க, இந்த ஏழு அத்தியாயங்களைவிடத் தோதான இடம் கிடையாது.

முதலில் அளவு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்தது. ஐந்து பாகங்களுக்கும் சேர்த்து 293 அத்தியாயங்கள். மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. இரண்டும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். கணக்குப் போட்டால் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் கிடைக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கற்பனை நாவல் வரிசை 1996இல் தொடங்கியது. 2011 வரை ஐந்து நூல்கள் வந்தன. அதிலிருந்து எடுக்கப்பட்ட ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்கள், 73 பகுதிகள் ஓடியது. ஐந்து நூல்களுக்கு 73 பகுதிகள் கிடைத்த இடத்தில் ஐந்து பாகங்களுக்கு இரண்டு படங்கள் என்பதுதான் இரு தழுவல்களுக்கும் உள்ள முதல் வேறுபாடு. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவையே.

வார இதழ்த் தொடருக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் உறவு நெருக்கமானது. இரண்டும் தவணையில் வருபவை. அடுத்த வாரம் வரை வாசகரைக் கட்டிவைக்க வேண்டியவை. முந்தைய வாரம் மறந்துபோனவருக்கும் கதையைப் பிடித்துக்கொடுக்க வேண்டியவை. கல்கி ஓர் அத்தியாயத்தை எதிர்பாராத குரல் ஒன்றிலோ கதவு திறக்கும் ஓசையிலோ நிறுத்துவதும், அடுத்ததில் வேண்டுமென்றே வேறு ஊருக்குப் போய்விடுவதும் இதனால்தான். திரையரங்கில் மொத்தமாக உட்கார்ந்திருக்கும் பார்வையாளரிடம் இந்த உத்தி செல்லாது. அந்த வகையில் ‘பொன்னியின் செல்வ’னுக்கு உரிய வீடு சின்னத்திரைதான் என்ற வாதம் வலுவானது. எனினும் எம்.ஜி.ஆர். 1958இல் அறிவித்துக் கைவிட்டது முதல் மணிரத்னம் முடித்தது வரை, பேசப்பட்ட பெருமுயற்சிகள் பெரும்பாலும் சினிமாவையே நோக்கியிருந்தன.

மாமல்லபுரத்து அத்தியாயங்களுக்குத் திரும்பலாம். கரிகாலன் தன் இளமைக் காதலையும், அது அரண்மனைப் பெண்களால் தடுக்கப்பட்டதையும், பின்னர் வீரபாண்டியனைத் தேடிப் போன இடத்தில் அதே பெண்ணைக் கண்டதையும், அவள் கெஞ்சியும் கேளாமல் பாண்டியன் தலையைக் கொய்ததையும் வாய்வழியாகச் சொல்கிறான். வரலாற்றில் அவனுக்கு ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டம் உண்டு. அந்தக் கல்வெட்டுத் தொடருக்குள் ஒரு பெண்ணை நுழைத்து, வெற்றியைக் குற்றமாக மாற்றியதுதான் கல்கியின் கற்பனை. இதைக் கதாசிரியர் தம் குரலில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கரிகாலன் வாயில் வைத்தார். கேட்பவன் பார்த்திபேந்திரன். பின்னால் அவனே நந்தினியின் அழகில் மயங்கப் போகிறவன் என்பது மறுவாசிப்பில்தான் உறைக்கும். எச்சரிக்கை முழுவதையும் காதால் கேட்டவன் அதே குழியில் விழுகிறான்.

இந்தச் சொல்முறையின் பயன் இன்னொன்று. கரிகாலன் சொல்வது அவன் பக்கத்துக் கதை மட்டுமே. அதற்குள் வாசகர் நந்தினியை வேறு கண்களால் பார்த்திருக்கிறார்: வந்தியத்தேவன் பார்த்த பல்லக்குப் பெண், ஆழ்வார்க்கடியான் தன் தங்கை என்று சொல்லும் வளர்ப்புப் பெண், பழுவேட்டரையர் தலையில் வைத்துக் கொண்டாடும் இளையராணி. பின்னர் அவளே பேசுகிறாள். மந்தாகினியின் கதை வெளிவருகிறது. நந்தினியின் பிறப்பைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல் அரித்துக்கொண்டே போகிறது. நந்தினி தமிழ்ப் புனைகதையில் மறக்க முடியாத பாத்திரமானதற்கு அவளுடைய அழகைப் பற்றிய வர்ணனை காரணமன்று. அவள் எப்போதும் மற்றொருவர் பேச்சுக்குள்ளிருந்தே தோன்றுகிறாள் என்பதுதான் காரணம்.

திரைப்படத்தில் இந்த ஒப்புதல் வாக்குமூலம் கடற்கரையை விட்டுப் போர்ப்பாசறைக்குப் போய்விட்டது. ராஷ்டிரகூடரை வென்ற களிப்பு, கள், பாட்டு, அதன் உச்சத்தில் கரிகாலனின் வெடிப்பு. விக்ரம் அதை ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறார். பிறகு இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் இளம் கரிகாலனும் இளம் நந்தினியும் சந்திக்கும் காட்சிகள் நேரடியாக வருகின்றன. நாவல் ஒரு பாகத்தின் இறுதியில் சொல்லி முடித்ததைப் படம் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வலியாகவும் மறுபாதியை நினைவாகவும் வைத்தது. திரைக்கதையாக இது கெட்டிக்காரத்தனமான முடிவு. ஆண்கள் ஏழு அத்தியாயம் உட்கார்ந்து பேசுவதை எந்த இயக்குநரும் படமாக்க மாட்டார். ஆக்கினால் எந்தத் திரையரங்கும் பொறுக்காது.

ஆனால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பின்னோக்குக் காட்சிக்குச் சாட்சியத்தின் பலம் உண்டு. சொன்னதைச் சந்தேகிக்கலாம், கண்ணால் பார்த்ததைச் சந்தேகிப்பது கடினம். இளம் நந்தினி திரையில் வந்து நின்றுவிட்டால், அவள் அழுதது உண்மை, அவள் விரட்டப்பட்டது உண்மை என்றாகிவிடுகிறது. படத்தின் நந்தினி நாவலின் நந்தினியைவிட அதிகம் புரிந்துகொள்ளக்கூடியவள். அதனாலேயே மர்மம் குறைந்தவள். ஐஸ்வர்யா ராயின் நடிப்பில் குறை என்று இதைச் சொல்ல முடியாது. ஊடகத்தின் இயல்பு அது.

மார்ட்டினின் நாவல்களிலும் இதே சிக்கல் இருந்தது. அவருடைய அத்தியாயங்கள் பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டவை. அந்த அத்தியாயம் முழுவதும் அவர் பார்த்ததும் நினைத்ததும் மட்டுமே. ராப் ஸ்டார்க்குக்கு நூல்களில் தனி அத்தியாயமே கிடையாது. அவனுடைய போர் முழுவதையும் தாயின் கண்வழியே வாசகர் அறிகிறார். தொலைக்காட்சித் தொடர் கேமராவை அவனுடைய கூடாரத்துக்குள் கொண்டுபோய், அவனுக்குத் தனிக் காட்சிகள் கொடுத்தது. அவன் கொலையுண்டபோது தொலைக்காட்சி பார்த்தவர்கள் நாயகன் ஒருவனை இழந்தார்கள். நூலைப் படித்தவர்கள் தாயின் மனம் உடைவதைக் கண்டார்கள்.

மார்ட்டின் 1980களில் தொலைக்காட்சிக்கு எழுதியவர். செலவுக் கணக்கு தம் கற்பனையைத் தொடர்ந்து வெட்டியதில் சலித்து, படமாக்கவே முடியாத அளவுக்குப் பெரிய கதையை எழுத உட்கார்ந்தார். கல்கியின் திசை இதற்கு நேர் எதிர். கே. சுப்ரமணியம் 1939இல் எடுத்த ‘தியாகபூமி’க்குக் கதை கல்கியுடையது. படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே கதை ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்தது, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்கள் அச்சாயின. எழுத்தும் திரையும் ஒரே வாரத்தில் ஒன்றையொன்று விளம்பரப்படுத்திய ஏற்பாடு அது. ஆகவே கல்கி சினிமா அறியாத எழுத்தாளர் என்று எண்ண இடமில்லை. அவர் காட்சியாக யோசிக்கத் தெரிந்தவர். மாமல்லபுரத்தில் காட்சியைத் தவிர்த்துப் பேச்சைத் தேர்ந்தார் என்றால் அது தெரிந்தே செய்ததுதான்.

திரைக்கு முன்பே நாவலுக்கு ஒரு கண்வழித் தழுவல் நடந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணியம் வரைந்த ஓவியங்கள் அவை. நந்தினியின் கொண்டை, குந்தவையின் நிற்பு, வந்தியத்தேவனின் மீசை யாவும் வாசகர் மனத்தில் படிந்தது மணியத்தின் தூரிகையால். 2022இல் படத்தின் முதல் தோற்றங்கள் வெளியானபோது எழுந்த முணுமுணுப்பில் ஒரு பகுதி கல்கியின் எழுத்தோடு ஒப்பிட்டு வந்ததன்று. மணியத்தின் கோடுகளோடு ஒப்பிட்டு வந்தது.

விடப்பட்டவை பல. சம்புவரையர் மகள் மணிமேகலை படத்தில் இல்லை. நாவலின் பிற்பகுதியில், கரிகாலன் இறக்கும் கடம்பூர் மாளிகையின் துயரத்தில் பாதியைத் தாங்குபவள் அவள். வந்தியத்தேவன்மேல் அவளுக்கிருந்த ஒருதலைக் காதலும் சித்தம் கலங்கிய முடிவும் போனதால் வந்தியத்தேவனின் கணக்கில் ஒரு கடன் குறைந்தது. நாவலின் கடைசிப் பக்கங்களில் அவன் விளையாட்டுப் பிள்ளையாக இல்லாமல் போவதற்கு அவள்தான் காரணம். படத்தின் வந்தியத்தேவன் கடைசி வரை அதே குறும்போடு இருக்கிறான்.

இதைவிடப் பெரிய மாற்றம் சேந்தன் அமுதன். நாவலில் பூக்கட்டிக் கொடுக்கும் அந்தச் சிவபக்தனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். அரியணைக்குச் சண்டையிட்ட மதுராந்தகன் வேறு வயிற்றுப் பிள்ளை. கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மன் முடியைச் சூட்டுவது அந்தப் பூக்காரனுக்கு. ‘தியாகச் சிகரம்’ என்ற ஐந்தாம் பாகத்தின் தலைப்பு அங்கேதான் பொருள் பெறுகிறது. படம் இந்தப் பிள்ளைமாற்றத்தை அப்படியே கழற்றிவிட்டு, ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே முடியைக் கொடுத்தது. வாசகர் பலருக்கு இது மன்னிக்க முடியாத வெட்டு. நியாயமாகப் பார்த்தால், பிறப்பு மாறிய குழந்தை என்பது 1950களின் தொடர்கதை வாசகர் ரசித்துக் காத்திருந்த திருப்பம். 2023இன் பார்வையாளர் சிரித்துவிடக்கூடிய திருப்பம். தன்னை எதிர்த்தவனுக்கே ஒருவன் முடியை விட்டுக்கொடுப்பது, எதையும் கேளாத பக்தனுக்குக் கொடுப்பதைவிடக் கடினமான தியாகம் என்றும் வாதிடலாம். படம் அந்த வாதத்தை அழுத்தமாக முன்வைத்ததா என்றால், இல்லை. கடைசி அரைமணி நேரத்தின் அவசரத்தில் அது நழுவிப்போயிற்று.

கரிகாலன் கொலை இதற்கு மறுபுறம். வரலாற்றுச் சான்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டு. ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் கொலைக்குற்றவாளிகளாகச் சுட்டி, அவர்கள் உற்றாரின் உடைமைகளைப் பறிக்க ஆணையிடுகிறது. கல்கி இந்தப் பெயர்களிலிருந்து ரவிதாசனை எடுத்துப் பாண்டிய ஆபத்துதவிகளின் தலைவனாக்கினார். ஆனால் கடம்பூர் மாளிகையின் இருட்டில் கத்தியை இறக்கியது யார் என்பதை மட்டும் பல கைகளுக்கு நடுவே விட்டுவைத்தார். ரவிதாசனா, நந்தினியா, பழுவேட்டரையர் எறிந்த கத்தியா, கரிகாலனே தேடிக்கொண்டதா என்று வாசகர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். படம் விளக்கை ஏற்றிவிட்டது. கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்க, சாவைக் கரிகாலனே வலிந்து ஏற்கிறான். இரண்டு படங்களிலும் மிகச் சிறந்த காட்சி அதுவே என்று சொல்லத் தடையில்லை. நாவல் வைத்திருந்த வழக்கை அது தீர்த்துவிட்டது என்பதும் உண்மை.

ரகசியம் காப்பதில் எழுத்துக்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு. முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. ‘பார்த்திபன் கனவு’ 1941 முதல் 1943 வரை தொடராக வந்தது. அதில் சோழ இளவரசன் விக்கிரமனைக் காத்துவரும் சிவனடியார் யாரென்பது கதையின் முதுகெலும்பான மர்மம். பல்லவச் சக்கரவர்த்தியே அவர் என்பதைக் கல்கி நெடுநேரம் ஒளித்துவைக்கிறார். மாமல்லபுரத்துக் கலைவிழாவின் பரபரப்புக்கு நடுவேயும் அந்த மர்மம் கலையாமல் வருகிறது. 1960இல் டி. யோகானந்த் இயக்கத்தில் படமானபோது நரசிம்மவர்மனாக நடித்தவர் எஸ். வி. ரங்காராவ். அந்த உடலையும் அந்தக் குரலையும் எந்தத் தாடியால் மறைக்க முடியும்? நாவலில் வாசகரும் விக்கிரமனும் சேர்ந்து ஏமாறுகிறார்கள். திரையில் விக்கிரமன் மட்டும் ஏமாற, பார்வையாளர் எல்லாம் தெரிந்தவராக உட்கார்ந்திருக்க நேர்கிறது.

திரையில் ரகசியம் காக்கவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளிலிருந்து நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசை, குறிப்பாக ‘விடாது கருப்பு’, இரவில் குதிரையில் வரும் உருவம் யாரென்பதை வாரக்கணக்கில் மறைத்துவைத்தது. தூரத்துக் காட்சி, இருள், குளம்போசை, முகம் காட்டாத கோணம் ஆகியவற்றால் அது சாத்தியமாயிற்று. நட்சத்திர நடிகர் இல்லாதது அதற்கு வசதி. ஒரு வாரம் முழுக்கத் தெருவில் ஊகம் நடக்க இடம் கொடுத்தது அதைவிடப் பெரிய வசதி. தமிழில் மிகுபுனைவு நாவலுக்கும் தொலைக்காட்சிக்கும் நேர்ந்த நல்ல திருமணம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இடங்களைப் பற்றியும் கொஞ்சம். சோழர் அரண்மனைகள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை, எதுவும் முழுதாக மிஞ்சவில்லை. அதனால் படக்குழு ஓர்ச்சா, குவாலியர், மகேஸ்வர் போன்ற வடபுலத்து ஊர்களுக்குப் போயிற்று. சோழநாட்டு வெயிலுக்கு அந்தக் கற்சுவர்கள் ஒட்டவில்லை என்ற குறை நியாயமானது. டுப்ரோவ்னிக் நகரில் எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ காட்சிகளுக்கு இந்தக் குறை எழவில்லை. கற்பனை நாட்டுக்கு எந்த ஊரும் பொருந்தும். கல்கியின் நாடு கற்பனையன்று. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து ஏறினால் முதல் பாகம் முடியும் இடத்தில் இறங்கிவிடலாம். போதாததற்கு, நாவலில் ஈழத்துக்குப் போர்புரியச் சென்றிருக்கும் கரிகாலனின் தம்பி, பின்னாளில் ராசராசனாகி ஆண்டபோது பொறிக்கப்பட்ட கல்வெட்டு கடற்கரைக் கோயிலில் இருக்கிறது. அங்குள்ள மூன்று சன்னதிகளின் பெயர்களும் அதிலிருந்தே தெரியவருகின்றன. அண்ணன் மனம்விட்டுப் பேசியது கதை; தம்பியின் கல்லெழுத்து சரித்திரம். இரண்டுக்கும் ஒரே கடற்கரை.

இன்னும் திரைக்கு வராத பெரிய படைப்பு ‘சிவகாமியின் சபதம்’. 1944இல் தொடங்கி 1946 வரை வந்த இந்த நான்கு பாக நாவலின் வித்து இந்தக் கரையில் விழுந்ததாகக் கல்கியே முன்னுரையில் எழுதியிருக்கிறார், ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் இருந்தபோது கதைமாந்தர் மனக்கண்முன் எழுந்தனராம். தொடராக எடுக்க முனைபவருக்கு இதில் மூன்று சங்கடங்கள் காத்திருக்கின்றன. வஜ்ரபாகு என்ற பெயரில் வரும் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் மாறுவேடம் முதலாவது. ரங்காராவுக்கு நேர்ந்தது இங்கும் நேரும். நாகநந்தி அடிகளும் புலிகேசியும் ஒரே முகச்சாயல் கொண்டவர்கள் என்பது இரண்டாவது. ஒரே நடிகர் இருவராகவும் நடித்தால் நாவல் மெல்ல அவிழ்க்கும் முடிச்சு முதல் காட்சியிலேயே அவிழ்ந்துவிடும். மூன்றாவது நடனம். சிவகாமியின் ஆட்டத்தைக் கல்கி பார்ப்பவர்களின் முகத்தில் எழுதினார். திரையில் ஒருத்தி உண்மையாகவே ஆடியாக வேண்டும், அதுவும் ஒரு பேரரசையே அசைக்கும் அளவுக்கு.

கலை இயக்குநருக்குத் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. கதை போய்ச் சேரும் வாதாபி வீழ்ச்சி நடந்தது 642இல். கடற்கரைக் கோயிலோ பின்வந்த பல்லவன் ராஜசிம்மன் காலத்தது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். மாமல்லபுரம் என்றதும் எவர் மனத்திலும் வரும் அந்தக் கோபுர நிழலுருவை இந்தக் கதையின் எந்தக் காட்சியிலும் காட்ட முடியாது. ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பது அடிப்பகுதி முடியாமல் நிற்பதிலிருந்தே தெரிகிறது. ஆகவே பாதி முடிந்த ரதம் என்பது உச்சியில் சிகரமும் கீழே முரட்டுப் பாறையுமாக இருக்க வேண்டும், சாரம் கட்டிக் கீழிருந்து எழுப்பும் கட்டடமாக அன்று. மகேந்திரன் காலக் காட்சிகளுக்குச் செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குடைவரை பொருந்தும். மகேந்திரனுக்கு அடங்கிய சிற்றரசன் கந்தசேனன் எடுப்பித்தது அது. இரா. நாகசாமி 1962இல் மாமல்லபுரத்துச் சின்னங்கள் அனைத்தும் ராஜசிம்மன் படைப்பே என்று வாதிட்டார். அறிஞர் பெரும்பாலோர் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டு படமெடுத்தால் மாமல்லன் எனப்பட்ட நரசிம்மனின் காலத்தில் ரதங்களே இருக்காது. மகேந்திரனும் நரசிம்மனும் பாறைகளைப் பார்த்துக் கனவு காணும் அத்தியாயங்களை நீக்கிவிட வேண்டிவரும். அந்த அத்தியாயங்களை நீக்கிவிட்டால் இந்த நாவலைப் படமாக்கவே தேவையில்லை. எனவே ரதங்களில் கல்கியையும் கடற்கரைக் கோயிலில் கல்வெட்டையும் பின்பற்றுவதே எடுப்பவருக்குச் சரியான வழி.